ஒன்பதாம் மாதக் கட்டம்

ஜூன் 12, திங்கள்

எடை பார்க்கும் நாள். எங்கள் அங்கன்வாடி மையத்துக்கு மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள் இருபத்து மூன்று பேர் வர வேண்டும், பத்தொன்பது பேர் வந்தார்கள். காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்து ஒன்றரை வரை குனிந்தே இருந்ததில் இடுப்பு விட்டுப்போயிற்று. ஒவ்வொரு பிள்ளைக்கும் எடை, உயரம், கைச்சுற்று எடுக்க வேண்டும். அதன்பின் வளர்ச்சி அட்டை. நான்கு மாதத்தில் தலை நிற்கிறதா, ஒன்பது மாதத்தில் சத்தம் வரும் பக்கம் திரும்புகிறதா, பத்தில் தானாக உட்காருகிறதா என்று வரிசையாகக் கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு பத்திகள். நான் செய்துபார்த்தால் 'நேரில் பார்த்தது', அம்மாவிடம் விசாரித்து எழுதினால் 'தாய் சொன்னது'. நான் கூடியவரை முதல் பத்தியில்தான் டிக் போடுவேன். இந்த வட்டாரத்தில் அப்படிச் செய்கிறவள் நான் ஒருத்திதான் என்று சூப்பர்வைசரே சொல்லியிருக்கிறார்.

ஜெசிந்தாவின் பெண் ரியாவுக்குப் பதினோரு மாதம். உட்காரவைத்தால் சாய்ந்துவிடுகிறாள். பரிந்துரைச் சீட்டு எழுதினேன். ஜெசிந்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் மாமியார் வீட்டில் எல்லாப் பிள்ளைகளும் மெதுவாகத்தான் உட்காரும் என்றாள். பெற்றவள் கண்ணுக்குப் பிள்ளையின் குறை தெரியாது, அதற்குத்தான் சர்க்கார் எனக்குச் சம்பளம் தருகிறது என்று சொல்லி அனுப்பினேன். அழுதுகொண்டே போனாள். போகட்டும், நாளை அவளே வந்து கையைப் பிடிப்பாள்.

தம்பி மகன் கவினேஷின் அட்டை மட்டும் பாக்கி இருந்தது. பதினான்கு மாதம். வீட்டில் உலை கொதிக்கும் நேரத்தில் அடுப்படியில் நின்றபடியே போட்டு முடித்தேன். தினமும் மடியில் கிடக்கிற பிள்ளை, அவனுக்கென்ன தனியாகச் சோதனை.

ஜூன் 14, புதன்

பொன்மாரி மறுபடி ஆரம்பித்தாள். தம்பி இசக்கியின் மனைவி. நல்ல பெண்தான், ஆனால் எதையாவது நினைத்துக் குமைந்துகொண்டே இருப்பாள். பொங்கலுக்கு மறுநாள், பையனுக்கு ஒன்பது மாதம் ஆனபோதே ஒருமுறை கேட்டாள், பின்னாலிருந்து கூப்பிட்டால் பார்க்கவில்லையே என்று. அப்போதே விளக்கமாகச் சொன்னேன். இன்று பாத்திரம் விளக்கும்போது மெல்ல வந்து நின்றாள்.

"கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கான் மதினி. ஒரு தடவை டாக்டர்ட்ட காட்டலாமா?"

இசக்கி மூன்று வயதில்தான் வாய் திறந்தான், இப்போது மினி பஸ் ஓட்டிக்கொண்டு ஊரையே ஏசுகிறான் என்றேன். பத்தொன்பது வருஷமாக இந்த ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பவள் நான், எனக்குத் தெரியாதா என்றும் கேட்டேன். சரி மதினி என்று போய்விட்டாள்.

ஜூன் 27, செவ்வாய்

மையத்துக்கு முட்டை வரவில்லை. போன் போட்டால் யாரும் எடுப்பதும் இல்லை.

ஜூலை 4, செவ்வாய்

எனக்குக் காரணம் பிடிபட்டுவிட்டது. எல்லாம் செல்போன்தான். பொன்மாரி சாயங்காலமானால் ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கும் அவள் அம்மாவோடு வீடியோவில் முகம் பார்த்துப் பேசுவாள். பையன் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். பிறகு கூப்பிட்டால் எப்படித் திரும்புவான்? இசக்கியிடம் சொன்னேன். அவன் கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் பிடுங்கிக்கொண்டான். இனி டூட்டிக்குப் போகும்போது அவள் போனையும் அவனே கொண்டுபோய்விடுவானாம். நான் அந்த அளவுக்குச் சொல்லவில்லை.

ராத்திரி பொன்மாரி சரியாகச் சாப்பிடவில்லை. பிள்ளையின் நன்மைக்குத்தானே.

ஜூலை 11, செவ்வாய்

இன்று முதல் கவினேஷை என்னோடு மையத்துக்குக் கூட்டிப்போகிறேன். மற்ற பிள்ளைகளோடு பழகினால் பேச்சு வரும். இரண்டு வயது ஆகாத பிள்ளையை மையத்தில் வைக்கக் கூடாது, சூப்பர்வைசர் வந்தால் சமாளித்துக்கொள்ளலாம்.

மத்தியானம் ஒரு சந்தோஷம். எங்கள் உதவியாளர் வேலம்மாள் சோறு தயாரானதும் எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் நாலு தட்டுத் தட்டுவாள். அதுதான் எங்கள் மணி. தட்டியதும் பிள்ளைகள் எல்லாம் எழுந்து ஓடின. கவினேஷும் பொம்மையைப் போட்டுவிட்டுத் திரும்பி, தத்தித் தத்தி அவர்கள் பின்னால் ஓடினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆள் அனுப்பிப் பொன்மாரியை வரவழைத்து, பிள்ளைகளை மறுபடி உட்காரவைத்து, வேலம்மாளை இன்னொரு தரம் தட்டச் சொன்னேன். மறுபடியும் ஓடினான். பார்த்தாயா என்றேன். பொன்மாரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவு நாளாயிற்று. போனைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி இசக்கியிடம் பேச வேண்டும்.

ஜூலை 24, திங்கள்

மாதக் கூட்டம். ரியாவுக்குத் தசைப் பயிற்சி தொடங்கியிருக்கிறார்கள், இப்போது தலையணை வைத்தால் கொஞ்ச நேரம் உட்காருகிறாள். ஜெசிந்தா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, அன்றைக்குப் பேசியதை மனசில் வைக்காதீங்க டீச்சர் என்றாள். சூப்பர்வைசர் இதைக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னார். சண்முகக்கனி டீச்சருக்கு இருக்கிற கண் எல்லாருக்கும் வேண்டும் என்றார். கை தட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன், ஆனால் உள்ளுக்குள் பெருமை இல்லாமல் இல்லை.

போன் விஷயம் இசக்கியிடம் சொல்ல மறந்துவிட்டது.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

வாயை அடக்கியிருக்கலாம்.

பொன்மாரி சொன்னாள், பையன் தூங்கும்போது தலைமாட்டிலேயே குக்கர் விசில் அடித்தாலும் இமை அசைவதில்லையாம். நல்ல தூக்கம் என்றேன். இல்லை மதினி, முழித்திருக்கும்போதும் கதவைப் பின்னாலிருந்து சாத்திப் பார்த்தேன் என்றாள். எத்தனை நாளாக இந்த வேவு பார்க்கிற வேலை நடக்கிறதோ. எனக்கு எரிச்சல் தலைக்கேறிவிட்டது.

"சொந்தப் பிள்ளைகிட்டக் குறை தேடுற தாயை இப்பத்தான் பாக்கேன்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் இசக்கிக்குச் சோறு போட்டாள், எனக்குப் போட்டாள், தான் சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

அம்மன் கோவில் கொடைத் திருவிழா. மதியப் பூஜைக்கு எல்லாரும் போனோம். நையாண்டி மேளமும் வேட்டுமாகக் காது அடைத்துப்போயிற்று. பூஜை முடிகிற நேரத்தில் கட்டு வேட்டு வெடித்தபோது மடியிலும் தோளிலும் இருந்த பிள்ளைகள் எல்லாம் அலறின. கவினேஷ் இசக்கியின் தோளில் சாய்ந்தபடி ஒரு சரிகைத் துணியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். எம்பிள்ளை அசரவே இல்லை பாத்தியாக்கா என்று இசக்கிக்கு ஒரே பெருமை. ஆமாம் என்றேன். பொன்மாரி என்னைப் பார்ப்பது தெரிந்தது. நான் சாமியைப் பார்த்தபடி நின்றேன்.

ஆகஸ்ட் 9, புதன்

கொடைக் களைப்பில் ஒரு பிள்ளைகூட வரவில்லை. நான், வேலம்மாள், கவினேஷ் மூவர்தான். ஒரு கைப்பிடி அரிசி போட்டுக் கஞ்சி வைத்தோம். பன்னிரண்டு மணிக்கு வேலம்மாள் பழக்கத்தில் தட்டைத் தட்டினாள்.

அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்து டப்பா மூடியை உருட்டிக்கொண்டிருந்தான்.

வேலம்மாள் மறுபடி தட்டினாள். பிறகு நான் போய்க் கரண்டியை வாங்கி, அவன் முதுகுக்கு மூன்றடி பின்னால் நின்று தட்டினேன். மூடி உருண்டுபோய்ச் சுவரில் முட்டி நின்றது, அவன் அதை எடுத்துத் திரும்ப உருட்டினான்.

வேலம்மாள் டீச்சர் என்று ஆரம்பித்தாள். வெங்காயம் இருக்கிறது, போய் உரி என்றேன். பிள்ளைக்குச் சளி பிடித்திருக்கிறது. சளி இருந்தால் காது அடைக்கும்.

ஆகஸ்ட் 10, வியாழன்

சளி மருந்து வாங்கினேன்.

ஆகஸ்ட் 26, சனி

சளி இல்லை. மூக்கில் ஒழுகல் கிடையாது, இருமல் கிடையாது. எனக்கு அன்றைக்கே தெரியும்.

பொன்மாரி தண்ணீர் பிடிக்கப் போகும் நேரங்களில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கை தட்டினேன், கிலுகிலுப்பை ஆட்டினேன், பாத்திரத்தைக் கீழே போட்டேன். பாத்திரத்துக்கு மட்டும் திரும்பினான். பிறகு வெறும் காலால் தரையை உதைத்தேன், அதற்கும் திரும்பினான். தரையின் அதிர்வு அவனுக்குத் தெரிகிறது. என் நிழல் சுவரில் விழுந்தால் தெரிகிறது. மையத்தில் பிள்ளைகள் எழுந்தால் அவனும் எழுகிறான். பதினாறு மாதத்தில் எவ்வளவு கெட்டிக்காரத்தனம்.

ஒன்றை இங்கேயாவது எழுதிவிடுகிறேன். ஜனவரியில் நான் கிலுகிலுப்பையை ஆட்டவே இல்லை. ஒன்பதாம் மாதக் கட்டத்தில், 'நேரில் பார்த்தது' பத்தியில் டிக் போட்டேன். பொன்மாரி கேட்டதற்கு மறுவாரம் அது. அவள் கேட்டதினாலேயே ஆட்டிப் பார்க்கவில்லையோ என்னவோ.

இசக்கி மூன்று வயதில் பேசினான் என்பதும் எனக்குத் தெரிந்து சொன்னதில்லை. அப்போது அவனை அம்மாதான் பார்த்துக்கொண்டாள். நான் விடிந்தால் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போய்விடுவேன். அம்மா செத்து அவன் என் கைக்கு வந்தபோது அவனுக்கு ஆறு வயது. வாய் ஓயாமல் பேசினான்.

செப்டம்பர் 5, செவ்வாய்

அடுத்த செவ்வாய்க்கிழமை டாக்டர் குழு வண்டியில் வருகிறது. எல்லா அட்டைகளையும் எடுத்து அடுக்கி வைக்கச் சொல்லிச் செய்தி வந்திருக்கிறது. நல்லதாகப் போயிற்று, அவர்களே கண்டுபிடிக்கட்டும். நான் வாயால் சொல்ல வேண்டியதில்லை.

அட்டைகளை ஒழுங்குபடுத்தினேன். ஒன்று அழுக்காக இருந்ததால் புது அட்டையில் பெயர்த்து எழுதினேன். பெயர்த்து எழுதும்போது ஒன்பதாம் மாதக் கட்டத்தின் டிக் ஒரு பத்தி தள்ளி விழுந்துவிட்டது. அப்படியே விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 12, செவ்வாய்

டாக்டர் சின்னப் பெண். பொறுமையாகப் பார்த்தார். கவினேஷ் முறை வந்ததும் பொன்மாரி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். டாக்டர் அவன் பின்னால் போய் மணி அடித்தார், கை தட்டினார், பேர் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு முன்னால் வந்து உட்கார்ந்து அட்டையை எடுத்துப் பார்த்தார்.

"ஒம்பதாம் மாசத்துல சத்தத்துக்குத் திரும்புறான்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்களாம்மா? தாய் சொன்னதுன்னு டிக் இருக்கு."

பொன்மாரி அட்டையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் அட்டையில் அடுக்கிய முட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு அட்டையில் முப்பது, அதை நான் ஏன் எண்ண வேண்டும்.

"ஆமா" என்றாள் பொன்மாரி.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று தெரியவில்லை. இல்லை, தெரிகிறது. அவள் இல்லை என்று சொல்லியிருந்தால் அந்த டாக்டர் அடுத்தபடி என்னைத்தான் கேட்டிருப்பார். வேலம்மாளும் ஆறு தாய்மாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சம்பளம் வாங்குகிறவளின் மானத்தை, போன்கூட இல்லாதவள் காப்பாற்றினாள்.

திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 20, புதன்

திருநெல்வேலி. பையனைத் தூங்கவைத்து, தலையில் ஒயர்களை ஒட்டி, காதுக்குள் சத்தம் விட்டுப் பார்த்தார்கள். இரண்டு காதிலும் ஏறக்குறைய ஒன்றுமில்லை. பிறவியிலேயே இப்படித்தானாம். காதில் மெஷின் வைத்துப் பயிற்சி கொடுத்துப் பார்க்கலாம், போதவில்லை என்றால் ஆபரேஷன். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது என்றார் டாக்டர். ஒன்பது மாதத்தில் வந்திருந்தால் இந்நேரம் கேட்டுப் பழகியிருப்பான், எட்டு மாதம் வீணாகிவிட்டது என்றார். அவர் திட்டவில்லை. கணக்குச் சொன்னார், அவ்வளவுதான்.

பஸ்ஸில் இசக்கி முன் சீட்டிலிருந்து திரும்பிப் பொன்மாரியைப் பார்த்துப் பேசிக்கொண்டே வந்தான். பெத்தவ உனக்குத் தெரியலையா, திரும்புறான்னு எதுக்குச் சொன்னே, போன்ல கண்ணை வச்சிருந்தா எப்படித் தெரியும் என்று. பஸ்ஸில் எல்லாரும் கேட்டார்கள். பொன்மாரி ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டாள். பையன் அவள் தாலிக்கயிற்றைப் பிடித்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தான்.

எட்டயபுரம் விலக்கில் பஸ் திரும்பும்வரை, இப்போது சொல்லிவிடலாம் இப்போது சொல்லிவிடலாம் என்று இருந்தேன். வீடு வந்துவிட்டது.

செப்டம்பர் 22, வெள்ளி

இசக்கி முடிவு செய்துவிட்டான். பொன்மாரி கொஞ்ச நாள் அவள் அம்மா வீட்டில் இருக்கட்டுமாம். பையன் இங்கேயே இருக்க வேண்டுமாம்.

"உனக்குத்தான் இதெல்லாம் தெரியும்க்கா. அவளை நம்பி விட முடியாது. பிள்ளைய நீ பாத்துக்கோ."

தலையை ஆட்டினேனா இல்லையா என்று நினைவில்லை.

செப்டம்பர் 23, சனி

சொல்லிவிட்டேன்.

காலையில் பொன்மாரி பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடையது ஒரு அடுக்கு. பையனுடைய சட்டைகளை எடுத்து மடித்து மடித்து, மறுபடி அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. இசக்கி வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான், உள்ளே கூப்பிட்டேன். பழைய அட்டையைக் கிழித்துப்போட மனசு வராமல் அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருந்தேன். அதையும் புது அட்டையையும் எடுத்துக் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

பொங்கலுக்கு மறுநாளே அவள் சொன்னாள், நான் சோதிக்காமல் டிக் போட்டேன், தெரிந்த பிறகும் ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன், டாக்டர் வருகிறார் என்று டிக்கை அவள் தலையில் தள்ளி எழுதினேன். நான்கையும் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. இத்தனை வருஷம் அடுத்த வீட்டுத் தாய்மாரிடம் பேசிப் பழகிய குரல்.

இசக்கி இரண்டு அட்டைகளையும் எடுத்து மாறி மாறிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். அவனை ஆறு வயதிலிருந்து வளர்த்திருக்கிறேன், என்னைப் பார்த்து அப்படி ஒரு முகம் வைத்துக்கொண்டதில்லை. ஏன்க்கா என்று மட்டும் கேட்டான்.  கைதட்டல் வாங்கிய கையால் இல்லை என்று எழுத வரவில்லை என்று சொன்னால் அது ஒரு பதிலா.

பொன்மாரி அழுவாள் என்று நினைத்தேன், ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நன்றாயிருக்கும். அவள் அலமாரியிலிருந்து பையனின் சட்டைகளை எடுத்துப் பையில் வைத்தாள்.

"எனக்கு அப்பவே தெரியும் மதினி. எம்பிள்ளையப் பாத்து எனக்கே தெரிஞ்சத விட்டுட்டு, உங்களை நம்பினேன் பாருங்க. அதைத்தான் என்னால தாங்க முடியல."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீவைகுண்டம் போனாள். இசக்கிதான் கொண்டுபோய் விட்டான். அவனும் இன்னும் திரும்பவில்லை.

அக்டோபர் 9, திங்கள்

எடை பார்க்கும் நாள். நான் செய்ததை எல்லாம் சூப்பர்வைசரிடம் எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, ஏன் டீச்சர் இதையெல்லாம் எழுத்தில் கொடுக்கிறீர்கள் என்று வருத்தப்பட்டார். மெமோ வரும்.

பிள்ளைகளை ஒவ்வொருத்தராகத் தனி அறையில், கதவைச் சாத்தி, மற்ற பிள்ளைகள் கண்ணில் படாமல் வைத்துப் பார்த்தேன். தாய்மார் என்ன சொன்னாலும் குறுக்கே பேசவில்லை. சாயங்காலம் நாலரை ஆகிவிட்டது. எல்லாரும் சத்தத்துக்குத் திரும்பினார்கள். வேலம்மாள் காப்பி போட்டுக் கொடுத்தாள், குடிக்க முடியவில்லை.

வீட்டில் நான் ஒருத்தி. ஒரு ஆழாக்கு அரிசி பொங்கினாலும் மிஞ்சுகிறது.

அக்டோபர் 27, வெள்ளி

இசக்கி போன் செய்தான். திங்கட்கிழமை மெஷின் மாட்டுகிறார்களாம். நான் வரலாமா என்று கேட்டேன். அவன் பொன்மாரியைக் கேட்பது கேட்டது. கொஞ்சம் பொறுத்து, வரச் சொல்லுகிறாள் என்றான்.

அக்டோபர் 30, திங்கள்

முதல் பஸ்ஸுக்கே திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். பத்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். கவினேஷ் என்னைக் கண்டதும் தாவி வந்தான், ஒரு மாதத்தில் மறந்திருப்பானோ என்று பயந்துகொண்டிருந்தேன். கொஞ்சம் இளைத்திருக்கிறான். பொன்மாரி நல்லா இருக்கீங்களா மதினி என்று கேட்டாள். அவள் கையில் போன் இருந்தது.

பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இசக்கி பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். நானும் எழுந்தேன். பொன்மாரி கதவருகில் நின்று திரும்பினாள்.

"நீங்க வெளிய இருங்க மதினி. அவன் மொதல்ல திரும்புறத நான் பாக்கணும்."

சரிம்மா என்று பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவைச் சாத்திவிட்டார்கள். சாதாரண மரக்கதவு, உள்ளே பேசுவது எல்லாம் கேட்டது. டாக்டர் ஏதோ சொன்னார். பெட்டியைத் திறக்கும் சத்தம். பையன் சிணுங்கினான், காதில் கை வைத்துப் பிடுங்கப் பார்த்திருப்பான். பிறகு எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"கவினேஷ்" என்று கூப்பிட்டாள் பொன்மாரி. மறுபடி கூப்பிட்டாள். அவசரப்படாமல், ஒவ்வொரு தடவையும் இடைவெளி விட்டுக் கூப்பிட்டாள். வராண்டாவில் இருந்தவர்களில் இரண்டு பேர் என்னைப் பார்த்தார்கள். எழுந்து போய்க் கதவு இடுக்கில் பார்த்திருக்கலாம். சாத்திய கதவு சரியாகப் பொருந்தாமல் விலகியிருந்தது.

அவள் கூப்பிடுவது நின்றது. பொன்மாரியின் சிரிப்பும் இசக்கியின் விம்மலும் கேட்டன. நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.